வாளியம்மாவும் கப்பல் தண்ணீரும்

உலகத்தில் தாகம் எடுக்காத மனிதர் ஒருவராவது இருக்கிறார் என்பதை வாளியம்மா இன்று வரை ஒப்புக்கொண்டதில்லை. தாகம் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒன்று பொய் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வெட்கப்படுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்துதான் அவரிடம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீர்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் கொழுந்து எடுக்கும் மலைக்குத் தண்ணீர் சுமந்து வருவதுதான் அவர் வேலை. ஊற்று நீர் வந்து விழுகிற பீலியில் பிடித்த தண்ணீரை மூடி போட்ட எவர்சில்வர் வாளியில் கொண்டு வருவார். டம்ளர் வாளியின் பிடியிலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கும். அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தண்ணீர் கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. டம்ளரை நீட்டிவிட்டு, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்பார். டம்ளரின் அடி தெரியும் வரை நகர மாட்டார். பாதி குடித்துவிட்டுக் கொட்டினால் மறுபடியும் நிரப்புவார். இன்னொரு முறையும் உண்டு. மற்ற மலைகளில் தண்ணீர் சுமப்பவர்கள் கங்காணி நிற்கிற பக்கத்தில் இருந்து கொடுத்துக்கொண்டு வருவார்கள். இவர் நாங்கள் நிற்கிற நிரையின் மறுமுனைக்கு, ஓடைப் பக்கம் போய் அங்கிருந்துதான் தொடங்குவார். அந்த முனையில் கொழுந்து எடுத்தது நான்.

ஒருநாள் கங்காணி கேட்டே விட்டார்.

"ஏம்மா, எனக்கு மொதல்ல ஒரு வாய் குடுத்துட்டுப் போனா என்னா?"

"ஒங்களுக்குத்தான் வாய் இருக்கே கங்காணியாரே. வேணும்னா கூப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு வாளியம்மா நடையைக் கட்டினார்.

மலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராகலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். "ஒதடு காஞ்சு போயிருக்கு, பாவம்" என்று வாளியம்மா மணவறையில் ஏறி டம்ளரை நீட்டிவிட்டார். மாப்பிள்ளை ஒரு கையில் தாலியும் ஒரு கையில் டம்ளருமாக முழித்தான். ஐயர் முறைத்தார். முறைத்த ஐயருக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை நிறுத்த வழி தெரியாமல், இரண்டு பேரும் குடித்து முடிக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

தோட்டத்துத் திருவிழாவில் சாமி வந்து ஆடியவரையே இவர் நிறுத்தியிருக்கிறார். நாக்கைத் துருத்திக்கொண்டு, "என்னாடி வேணும் ஒனக்கு" என்று சாமி கத்தியது.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தாயே. நீ குடி."

சாமி குடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டது.

சங்கத்துக் கூட்டம் ஒன்றில், பேச வந்த தலைவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் டம்ளர் போனது. அன்றைக்குச் சம்பளப் பிரச்சினையைப் பற்றி அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் மேடையை விட்டு இறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்பக்கம் ஓடினார்.

இப்படிப்பட்டவரைக் கப்பலில் ஏற்றலாமா? அவர் மகன் குமார் ஏற்றினான்.

குமார் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் சாப்பாட்டு மண்டபத்து வேலையில் இருந்தான். அங்கே வேலை செய்கிறவர்கள், குடும்பத்து ஆட்களைக் குறைந்த செலவில் ஒரு பயணம் கூட்டிப் போகலாமாம். கொழும்பில் ஏறி, மாலைதீவைச் சுற்றி, கொச்சியைத் தொட்டு மறுபடி கொழும்பு. மருமகளுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. அதனால் துணைக்கு என்னைக் கூட்டிப் போவது என்று வாளியம்மாவே முடிவெடுத்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

புறப்பட்ட அன்று அவர் கையில் இரண்டு பெரிய கேன் நிறையப் பீலித் தண்ணீர். தோளில் பழைய வாளி.

"வாளி எதுக்குக்கா?"

"கப்பல்ல மேல இருந்துதான் தண்ணி கொட்டுமாம். நமக்கு அள்ளி ஊத்துனாத்தானே குளிச்ச மாதிரி இருக்கும்."

துறைமுகத்தில் பைகளைப் பார்க்கிற இடத்தில் காக்கி உடுப்புப் போட்ட சிங்களப் பெண் ஒருத்தி கேன்களைத் தடுத்து நிறுத்தினாள்.

"வத்துர விதரய் நோனா" என்றார் வாளியம்மா, தண்ணீர் மட்டும்தான் என்று.

கப்பலிலேயே தண்ணீர் இருக்கிறது, இதை ஊற்றிவிட்டு வாருங்கள் என்று அவள் தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் வாளியம்மாவிடம் தண்ணீரைக் கீழே ஊற்று என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.  அவர் ஓரமாகப் போய் கேனைத் திறந்து, வாளியில் சரித்து, வரிசையின் கடைசிக்கு நடந்தார். பெட்டியோடு நின்ற வெள்ளைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வாசல் காவலாளி, எல்லாருக்கும் ஒரு டம்ளர். வரிசை நகரவில்லை. அவர் குடிக்கச் சொன்னால் குடிக்காமல் நகர முடியாது என்பது கொழும்பிலும் உண்மையாகத்தான் இருந்தது. கடைசி டம்ளர் அந்தக் காக்கிப் பெண்ணுக்கு. அவளும் குடித்தாள். காலி வாளி மெஷினுக்குள் போய் மறுபக்கம் வந்தது.

கப்பல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்ப் போத்தல் அழகாக நின்றன. வாளியம்மா கை நீட்டுவதற்குள் குமார் ஓடி வந்து பிடித்தான்.

"அம்மா, அதத் தொறந்துறாத. தொறந்தா காசு."

"தண்ணிக்கா?"

"ஆமா."

வாளியம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சுத்தி அம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு, அதுக்கு மேல நின்னு தண்ணிக்குக் காசு கேக்குறாங்களா?"

மேலே சாப்பிடும் இடத்தில் மெஷின் இருக்கிறது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா பிடிக்கலாம், கடல் தண்ணீரையே உப்பு எடுத்துத் தருகிறார்கள் என்று குமார் விளக்கினான். போத்தலின் வாய் மெஷினில் முட்டக் கூடாதாம். சுத்தமான கிளாசில் பிடித்துத்தான் போத்தலுக்கு ஊற்ற வேண்டுமாம். வாளியம்மா போய் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"உப்பு இல்ல. ஆனா தண்ணின்னா ஒரு மொகம் இருக்கணும் புள்ள. இதுக்கு மொகமே இல்ல."

முகம் இல்லாத தண்ணீரானாலும் தண்ணீர்தானே. மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு மேல்தட்டுக்குப் போனோம். நடுவில் நீச்சல் குளம். அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நிரை நிரையாக. அதில் ஆண்களும் பெண்களும் கொளுத்துகிற வெயிலில் கண்ணை மூடிக் கிடந்தார்கள். நான் வெட்கத்தில் கடலைப் பார்த்தேன். வாளியம்மா அவர்களைப் பார்த்தார்.

"யாரு புள்ள இவுங்கள இப்புடி வெயில்ல போட்டது?"

"அவுங்களாத்தான் படுத்திருக்காங்கக்கா. அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"தலையில ஒரு சாக்குத் துண்டு கூட இல்ல. செவந்து போயிக் கெடக்குறாங்க. ஒரு ஆளு தண்ணி கொண்டாரல."

அவர் அறைக்குப் போனார். நான் பயந்தபடியே வாளியோடு வந்தார். மெஷினில் கிளாஸ் கிளாசாகப் பிடித்து வாளியில் ஊற்றினார், மகன் சொன்ன விதியை ஒரு சொட்டும் மீறாமல். பின்னால் நின்ற கூட்டம் படிக்கட்டு வரை போனது.

பிறகு நிரையின் கடைசிக்குப் போனார். அங்கே ஓலைத் தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாளியம்மா வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். நிழல் விழுந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். கண்ணுக்கு முன்னால் டம்ளர்.

"குடிங்க தொர."

தொரை குடித்தார். அடி தெரிந்தது. வாளியம்மா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

அவர்கள் இதைக் கப்பலின் ஏற்பாடு என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா காசு நீட்டினார். வாளியம்மா அந்தக் காசுக்குப் பதிலாக இன்னொரு டம்ளர் கொடுத்தார். அடுத்த நாள் அவர் வருவதற்கு முன்பே சிலர் எழுந்து உட்கார்ந்து வழி பார்த்தார்கள். கலர் கலராகக் குடிபானம் விற்கிற பையன்கள் தட்டோடு சும்மா நின்றார்கள்.

அன்று மத்தியானம் குமார் அறைக்கு வந்தான். வெள்ளை உடுப்பு, கழுத்து வரை பொத்தான். முகம் கறுத்திருந்தது.

"அம்மா, எங்களுக்கு மேல இருக்குற பெரிய நோனா என்னையக் கூப்பிட்டு நிக்க வச்சிட்டாங்க."

"நா என்னாடா களவா எடுத்தேன்?"

"நீ விருந்தாளிம்மா. விருந்தாளி தண்ணி சொமக்கக் கூடாது. அதக் குடிச்சி யாருக்காவது வயித்து வலின்னா யாரு பொறுப்பு? இன்னொரு தரம் ஒன் கையில வாளியப் பாத்தா என் பேரு எழுதுவாங்க. எழுதுனா அடுத்த கப்பலுக்குக் கூப்பிட மாட்டாங்க."

வாளியம்மா வாளியைப் பார்த்தார்.

"வீட்டுக்கு இன்னும் கூரை போடலம்மா."

"சரிடா. உக்காந்துக்கிறேன். நீ போய் வேலையப் பாரு."

வாளியைக் குளியலறையில் கவிழ்த்து வைத்தார். கதவையும் சாத்தினார்.

வாளியம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்தக் கப்பலில்தான். சும்மா உட்காருவது அவருக்கு மலை ஏறுவதை விடக் கஷ்டமாக இருந்தது. மேல்தட்டில் ஒரு நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஓலைத் தொப்பித் தொரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் காலி கிளாசைத் தூக்கிக் காட்டினார். வாளியம்மா கடலைப் பார்த்தார். கடலும் தண்ணீராகவே இருந்தது அவருக்குப் பெரிய சோதனை.

"ஏ புள்ள, மூணாவது ஆளப் பாரு. ஒதடு வெடிச்சிருக்கு."

"பாக்காதீங்கக்கா."

"ஒரே ஒரு டம்ளர்."

"கூரைய நெனைங்கக்கா."

"ஆமா, கூரை" என்று மறுபடி கையை அழுத்திக்கொண்டார்.

தொரை மறுபடியும் கிளாசை ஆட்டினார். வாளியம்மாவால் முடியவில்லை. வலது கையை மட்டும் விடுவித்து, உட்கார்ந்த இடத்தில் இருந்தே மெஷின் பக்கம் காட்டினார். பிறகு கட்டை விரலை வாயருகே கொண்டு போய்க் காட்டினார். தொரை யோசித்தார். எழுந்து போனார். குடித்துவிட்டு, கிளாசை நிரப்பிக்கொண்டு திரும்பினார். வாளியம்மா இப்போது பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

இதுதான் இந்த நாட்டு வழக்கம் என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். பக்கத்து அம்மாவிடம் கிளாசை நீட்டினார். அந்த அம்மா குடித்துவிட்டு எழுந்து போய், அடுத்த ஆளுக்குக் கொண்டு வந்தார். அப்படியே நிரை நகர்ந்தது. பயணம் முடிகிற நேரத்தில் மேல்தட்டில் தண்ணீர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வாளியம்மா கங்காணி மாதிரி உட்கார்ந்து, கண்ணாலேயே விட்டுப் போன ஆளைக் காட்டினார்.

கடைசி நாள் பெரிய நோனா மேலே வந்தார். உயரமான ஆள், வெள்ளை உடுப்பு. குமார் ஒரு தூண் ஓரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  நோனா வாளியம்மாவின் கையைப் பார்த்தார். கை தொடைக்குக் கீழே இருந்தது. வாளியைத் தேடினார். வாளி இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

திறந்த வாய்க்கு நேராக ஓலைத் தொப்பித் தொரை கிளாசை நீட்டினார். நோனா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தொரை மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

நோனா சுற்றிலும் பார்த்தார். நிரை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தார். அடி தெரியும் வரை குடித்தார். காலி கிளாசைத் தொரையிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். குமாரின் பேரை யாரும் எழுதவில்லை. அடுத்த கப்பலுக்கும் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு இப்போது தகரக் கூரை இருக்கிறது, மழை பெய்தால் உள்ளே பேச்சுக் கேட்காது.

ஆனால் அன்றைக்கு அதோடு முடியவில்லை. தொரை கிளாசை மறுபடியும் நிரப்பிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். வாளியம்மாவிடம் நீட்டினார்.

"எனக்குத் தாகம் இல்லங்க தொர" என்றார் வாளியம்மா.

தொரைக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வாளியம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, மீதியை என் பக்கம் திருப்பினார்.

"இந்தா புள்ள. நீ கேக்க மாட்ட."

நான் கேட்கவில்லை. குடித்தேன்.