கொஞ்சம் சின்ன எண்ணாகக் கொடுக்கவும்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் கணித ஆராய்ச்சி செய்யும் மாணவியின் தகப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் பொறுப்பில் இருக்கும் எண்களின் நலத்தையும் அறிய ஆவல்.

அம்மா, என் மகள் வீட்டுப் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கேட்டால், "அந்த எண்ணை உடைச்சுட்டு வரேன்ப்பா" என்கிறாள். இருநூற்றுச் சொச்சம் இலக்கமாம். அதைவிடச் சின்ன எண்கள் இரண்டைப் பெருக்கி வந்ததுதான், அதில் சந்தேகமே இல்லையாம். எந்த இரண்டு என்றுதான் ஒருவருக்கும் தெரியாதாம். உடையும் என்று தெரிகிறது, எங்கே உடையும் என்று தெரியவில்லை என்றால் இது என்ன நியாயம்? சரி, பிள்ளைக்கு ஒரு கை கொடுப்போம் என்று எண்ணை அனுப்பச் சொல்லி, சமையலறை மேசையில் நானே வகுக்க உட்கார்ந்தேன். ஒற்றைப்படை எண், ஆகவே இரண்டு போயிற்று. மூன்றுக்கு எல்லா இலக்கங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் கூட்டியது ஒன்று, மனைவி கூட்டியது ஒன்று. "உங்களுக்குக் கண்ணு தெரியல", "உனக்குக் கணக்கு தெரியல" என்று ஆரம்பித்து, பேச்சு என் அக்கா கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரை போய்விட்டது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பதின்மூன்றில் கை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் வகுத்தேன், அம்மா. வகுபட்டுவிட்டது! தலைகால் புரியாமல் மகளுக்குப் போன் போட்டேன்.

"மீதி எவ்வளவுப்பா?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதை நான் பாத்துக்கறேன்."

நான் என்ன செய்ய? காலமெல்லாம் பேக்கரியில் வேலை பார்த்தவன். தட்டில் வரிசையாகப் பன் அடுக்கி ஒன்று மிஞ்சினால், அதை வாயில் போட்டுக்கொண்டு கணக்கு சரி என்று சொல்லியே பழகிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து அறையில் இருந்த மனைவிக்கே கேட்டது. "பத்து கோடி வரைக்கும் எதாலயும் வகுபடாதுன்னு முதல் நாளே பாத்தாச்சுப்பா" என்றாள். அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க ஏங்குகிறோம், அம்மா.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, அவளுக்குக் கொஞ்சம் சின்ன எண்ணாகப் பார்த்துக் கொடுக்கவும். பத்து இலக்கம் இருந்தால் போதும், கௌரவமாகத்தான் இருக்கும்.

தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழ வாழ்த்தும்,
மாணவியின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகளே போன் செய்துவிட்டாள். எண் உடைந்துவிட்டதாம், சனிக்கிழமை வருகிறாளாம். என் மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆனால் பிள்ளையின் குரலில் சுரத்தே இல்லை. "இனிமே காலைல எழுந்து என்னப்பா பண்றது?" என்று கேட்கிறாள். ஒட்டப்போன உறையை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்நூறு இலக்கத்துக்குக் குறையாமல், லேசில் உடையாத எண்ணாக ஒன்று பார்த்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும்.