தூண்டிலுக்குப் பேன் பார்த்த கதை

அஜ்மான் லேபர் கேம்ப்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாலகுரு அவர்களுக்கு மச்சான் நாகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். என் தங்கை சமையலை ஒன்பது வருஷம் சாப்பிட்டும் நிமிர்ந்து நடக்கிற உங்களுக்கு இனி ஒரு குறையும் வராது என்பதால் உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கவில்லை.

முதலில் ஒரு அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் போனில் "லீவு பாஸாகிவிட்டது, பத்திரிகை அடிங்கள்" என்று சொன்னேனே, அது பொய். தங்கை ஜோதிமணி போட்ட சத்தத்துக்குப் பயந்து கேம்ப் குளியலறைக்குள் நின்று சொன்ன பொய். வெளியே பத்துப் பேர் பக்கெட்டோடு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் யார் வாயிலும் பொய்தான் வரும். சம்யுக்தாவை என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன்தான், எனக்கு லீவு இல்லை என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளை மடியில் நான்தான் உட்கார வேண்டிவரும். நேர்ந்துவிட்ட கிடா என் பேரைக் கேட்டாலே நிம்மதியாக அசை போடுகிறது என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னதும் என் காதுக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போடாமல் யாரும் போன் பேசுவதில்லை. அதனால்தான் நாளைக்கு ஊருக்குக் கிளம்பும் எங்கள் சமையல்காரர் சாதிக் பாட்ஷா கையில் இந்தக் கடிதம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். லீவுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் போர்மேன் கலீல் ரஹ்மான் பாய், பெஷாவர்க்காரர். சைட்டில் சிங்கம், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைக் கையில் எடுத்தால் பச்சைப்பிள்ளை. பாலைவனத்துக்குள் இரண்டு மணி நேரம் போனால் ஒரு அரபியின் தோட்டத்தில் வெட்டிவிட்ட ஏரி இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் மீன் பிடிக்கலாம். மூன்று மாதமாகப் பாய்க்கு அங்கே ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க் கண்மாயில் எனக்குத் தெரியாத மீனே கிடையாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் அடித்துவிட்டேன். கண்மாய் வற்றினால் சேற்றில் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து உள்ளே கையை விட்டு எடுப்போமே, அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாதென்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தோளில் கை போட்டு, "மச்லி தோ, சைன் லோ" என்றார். மீனைக் கொடு, கையெழுத்தை வாங்கிக்கொள் என்று அர்த்தம்.

போய்ப் பார்த்தால் வினை மீனிடம் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. நீர்த்தெள்ளு என்று ஒரு பூச்சி, கடுகில் பாதி இருக்காது, வாலில் ஒரு கொக்கி வேறு. ஆயிரக்கணக்கில் நூலைப் பிடித்துத் தொங்கி, ஊறின ஜவ்வரிசி மாதிரிக் கட்டி கட்டியாக அப்பிக்கொள்கிறது. எங்கோ வெளிநாட்டிலிருந்து யாருடைய வலையிலோ ஒட்டி வந்ததாம், காவல்காரர் சொன்னார். நமக்கெல்லாம் மெடிக்கல், கைரேகை, ஜாமீன் நிற்க ஒரு அரபி கபீல் என்று ஆயிரம் கெடுபிடி; அது விசாவே இல்லாமல் வந்து குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டது. மீன் கடிக்கிறது, பாய் சக்கரத்தைச் சுற்றுகிறார், பூச்சிக் கட்டி வந்து தடி நுனி வளையத்தை அடைக்கிறது, நூல் நகர மறுக்கிறது, மீன் சாவகாசமாகக் கழற்றிக்கொண்டு போகிறது. இப்படி நாலு மீன். பாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் லீவுத் தாள் சட்டைப்பைக்குள்ளேயே நடுங்கியது. விரலால் வழித்தேன், துண்டால் துடைத்தேன், நல்லெண்ணெய் தடவினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த தெம்பில் பூச்சி இன்னும் அதிகமாக வந்தது.

அப்போதுதான், ஜோதிமணி சின்ன வயதில் தலையில் வைத்துக் காப்பாற்றி வந்த கூட்டத்தை எங்கள் அம்மா எப்படிக் கலைத்தாள் என்று ஞாபகம் வந்தது. (இந்த வரியை மனதுக்குள் படிக்கவும்.) பத்து திர்ஹம் கடையில் ஒரு பேன் சீப்பு வாங்கினேன். சாதிக் பாட்ஷா பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பேன் பாக்கவா கடல் தாண்டி வந்தே? போர்மேனுக்குத் தலையில முடியே இல்லையேப்பா" என்றார்.

"அவருக்கு இல்ல பாய், ஏரிக்கு."

இரண்டு நாள் எனக்குச் சோற்றைத் தள்ளி நின்றே போட்டார். போன ஞாயிறு இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாய் சுற்றச் சுற்ற நான் நூலைச் சீவினேன். வகிடு எடுக்காததுதான் பாக்கி. மீன் வந்தது! நம் ஊரில் சும்மா கொடுத்தாலும் முகம் சுளிப்பார்களே, அதே ஜிலேபிக் கெண்டை. பாய் அதைத் தூக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தார். மீனுக்கு நெற்றி எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். வண்டி பானெட் மேலேயே தாளை விரித்து, இருபது நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் கிளார்க் திங்கட்கிழமைதான் தாள் வாங்குவார், போன திங்கள் அவரே லீவு. ஆகவே நாளை மறுநாள் கொடுத்துவிடுவேன். அதுவரை தாள் சட்டைப்பையை விட்டு இறங்காது, தூங்குவதும் சட்டையோடுதான். பாயும் தன் லீவில் ஊருக்குப் போகிறார், போகுமுன் நாளைக்கு ஒரு தடவை ஏரிக்குப் போவோம் என்கிறார். பாவம், ஆசைப்படுகிறார், போய் வருகிறேன்.

ஆகவே இனி கவலை இல்லை. பந்தலுக்குச் சொல்லுங்கள். தங்கைக்கும் மருமகளுக்கும் என் ஆசி, உங்களுக்கு வயதுக்கேற்ற புத்தி வர என் பிரார்த்தனை. கிடாவுக்கு அகத்திக்கீரையாகப் போடுங்கள், இருக்கிற வரைக்கும் நன்றாகச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
மடியோடு வரும் தாய்மாமன்,
நாகலிங்கம்.

பி.கு.: ஞாயிறு மாலை. சாதிக் பாட்ஷா பெட்டியோடு வாசலில் நிற்கிறார். ஏரிக்குப் போனோம். சீப்பைக் கேம்பில் மறந்து வைத்துவிட்டேன். பெரிய மீன் கடித்தது, வளையம் அடைத்துக்கொண்டது. துடைக்க ஏதாவது கொடு, ஜல்தி ஜல்தி என்று பாய் கத்தினார். சட்டைப்பையில் கையை விட்டேன். காகிதம் நல்ல காகிதம், ஒரே இழுப்பில் பூச்சி முழுக்க வந்துவிட்டது. மீனும் வந்தது, மூன்று கிலோ. கையெழுத்து இருந்த பாதி ஏரியில் இருக்கிறது. பாய் அப்படியே ஏர்போர்ட் போய்விட்டார், திரும்ப இரண்டு மாதம் ஆகும். அகத்திக்கீரைக்கு அவசரமில்லை.