குரலைத் தாழ்த்துக

சர்வதேச சிறுவர் ஆண்டாகிய ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதில், ஐக்கிய நாடுகள் சபைக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அடியேன்தான். தீவையும் யாழ்ப்பாணத்தையும் சேர்க்கும் பண்ணைப் பாலத்தை நான் மறக்கவில்லை. அதில் பஸ் மட்டும்தான் போகும். என் வழியாக 'அறிவு' போனது.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. கடைசி நாள் பின்னேரம் தீவுக்காரர் எல்லோரும் கடைசி பஸ்ஸுக்கு எழும்பி ஓடியதில் அது இரண்டரை நாளானது. கொழும்பிலிருந்து வந்த நிபுணர் முதல் வேலையாகக் 'குழப்படி' என்ற சொல்லை ஒழித்தார். இனி எந்தப் பிள்ளையும் குழப்படி செய்யாது. 'சவால்மிகு நடத்தையை வெளிப்படுத்தும்'. அதை மாற்றுவதற்குப் பெரியவர்களைப் பயிற்ற வேண்டும். பிரம்பைக் கீழே வைத்து, பிள்ளையின் பக்கத்தில் நின்று, பெயரைச் சொல்லி மெதுவாக அழைக்க வேண்டும். பதில் வராவிட்டால் குரலை இன்னும் தாழ்த்த வேண்டும். கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும். எண்ணத் தெரிந்திருந்ததால் நான் முதல் தரத்தில் தேறினேன்.

அடியைக் கைவிட்ட இந்தத் தியாகத்தின் கனம் விளங்க வேண்டுமானால் என் வலது கையைப் பற்றிச் சொல்லவேண்டும். கன்னம் முடிந்து காது தொடங்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் 'செவிடு' என்போம். செவிட்டைப் பொத்தி ஒன்று கொடுப்பதில் ஊர்காவற்றுறை முதல் மடத்துவெளி வரை எனக்கு நிகர் யாருமில்லை. என்னிடம் வாங்கியவர்களில் இருவர் கிளறிக்கல் சோதனை பாஸ் பண்ணி அரசாங்கக் கந்தோரில் இருக்கிறார்கள். மிச்சப் பேரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தக் கையில்தான் நிபுணர் சான்றிதழைத் தந்தார். கையும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டது.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் இராசநாயகம் சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார்.

"பரமலிங்கம், நீர் பயிற்சி எடுத்தனீர்தானே? அப்ப உந்த மாக்கிறேற்றைத் திருத்தும். தவணை முடியிறதுக்கிடையில திருந்தாட்டி இடாப்பில பேரை வெட்டிப்போடுவன். தாயோட நிண்டு கருவாடு காயப்போடட்டும்."

மாக்கிறேற் என் நாலாம் வகுப்புப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் அல்போன்சம்மா. பிள்ளையின் சவால்மிகு நடத்தைகள் ஒரு கொப்பியை நிரப்பும். கூப்பிட்டால் திரும்பாள். சொல்வதெழுதலில் 'கடல்' என்றால் 'குடல்' என்று எழுதி ஆசிரியரைக் கேலி செய்வாள். பின்னால் வாங்கில் இருக்கும் ஒருத்தி சிரித்தால், எழும்பிப்போய் வேறொருத்தியின் பின்னலைப் பிடித்து இழுப்பாள்.

விஞ்ஞான முறைப்படி நான் குரலைத் தாழ்த்தினேன். முதல் வாரம் சொல்வதெழுதலில் பத்துக்கு நாலு எடுத்தவள், இரண்டாம் வாரம் பூச்சியம் எடுத்தாள். 'எதிர்ப்பு வலுக்கிறது' என்று கொப்பியில் குறித்தேன். குரலை மேலும் தாழ்த்தினேன். மூன்றாம் வாரம் முழு வகுப்பும் பூச்சியம் எடுத்தது. இந்த நோய் தொற்றும் என்பதைக் கண்டுபிடித்த பெருமையும் என்னையே சாரும்.

தவணையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு 'பெற்றோர் பயிற்சிக் கூட்டம்' கூட்டினேன். தேத்தண்ணியும் பணிசும் உண்டு என்று அறிவித்ததால் இருபத்திமூன்று பேர் கல்வித் தாகத்தோடு வந்தார்கள். முன் கதிரைக்காக இரண்டு தகப்பன்மார் சண்டை பிடித்தார்கள். அவர்களை நான் பத்து வரை எண்ணி விலக்கினேன். ஏழில் ஒருவருக்குச் சேட்டு கிழிந்தது.

நாலு வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி சில்வெஸ்ரர் முதல் கேள்வி கேட்டார்.

"மாஸ்ரர், என்ர பெடியன் நேற்று சவால்மிகு நடத்தை விட்டவன். நாலு சாத்துச் சாத்தினனான். சரியோ?"

"அடிக்கக் கூடாது."

"அடிக்கேல்லை மாஸ்ரர், சாத்தினனான்."

"அதுவும் கூடாது."

"அப்ப எதால அடிக்கிறது?"

"அடிக்கவே கூடாது!"

சபை திகைத்துப்போனது. "அப்ப பிள்ளை எப்பிடி வளரும்?" என்றார் சில்வெஸ்ரர், உண்மையான கவலையோடு.

செய்து காட்டுவதுதான் வழி. மாக்கிறேற்றை முன்னால் நிறுத்தினேன். அதிபர் இடாப்பை விரித்துப் பேனையின் மூடியைக் கழற்றினார். நான் பிள்ளையின் இடப்பக்கம் நின்று, வலது கையில் சான்றிதழைப் பிடித்தபடி, மெதுவாக "மாக்கிறேற்" என்றேன். அவள் திரும்பவில்லை. தாழ்த்தினேன். திரும்பவில்லை. மூன்றாம் தரம் என் உதடு மட்டும் அசைந்தது.

"மாஸ்ரர், எங்களுக்கே கேக்கேல்லை," என்றார் சில்வெஸ்ரர்.

"கேக்கிறது முக்கியமில்லை. தாழ்த்துறதுதான் முக்கியம்."

"செவிட்டைப் பொத்தி ஒண்டு குடுங்கோ மாஸ்ரர், உடன திரும்புவாள்!"

சபை ஆமோதித்தது. பேனை இடாப்பில் தொட்டது. அல்போன்சம்மா கதிரை விழ எழும்பினார்.

"ஐயோ, பேரை வெட்டாதேங்கோ! மாஸ்ரர், வலப்பக்கத்தால கூப்பிடுங்கோ. இடக்காது அவளுக்குக் கேளாது."

"எப்ப இருந்து?" என்றேன்.

"போன வருசம், உங்கட மூண்டாம் வகுப்பில ஏழாம் வாய்ப்பாடு பிழைச்ச நாளில இருந்து. நீங்கள் குடுத்தனீங்கள்தானே. சீழ் வடிஞ்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனான். சவ்வு கிழிஞ்சு போச்சு எண்டு சொல்லிச்சினம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் மற்றக் காதிலயும் குடுப்பியளோ எண்டு பயம்."

நான் பத்து வரை எண்ணினேன். பதினொன்றில் என்ன செய்வது என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

வலப்பக்கம் போனேன். கூப்பிட வாயைத் திறப்பதற்கு முன்பே மாக்கிறேற் என் கையைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கைகளாலும் வலக்காதைப் பொத்திக்கொண்டாள். அடி விழும் இடத்துக்கும் அடியின் பிறகு மிஞ்சுவதற்கும் எங்கள் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்த எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

அதிபர் பேனையை மூடினார். பெயர் வெட்டப்படவில்லை. மாக்கிறேற் இப்போது முன் வாங்கில் இருக்கிறாள். 'கடல்' என்றே எழுதுகிறாள். நான் பக்கத்தால் போகும்போது மட்டும் அவள் கை மேலே போகிறது.

பயிற்சி முடிவில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். 'சவால்மிகு நடத்தைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதன் கீழே 'பயிற்சியளித்த அலுவலரின் பெயர்' என்று இன்னொரு கட்டம். இரண்டையும் நிரப்பி அனுப்பினேன்.

இரண்டு கிழமையில் படிவம் சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது: 'ஒரே பெயர் இரு கட்டங்களிலும் எழுதப்பட்டுள்ளது. தவறைத் திருத்தி மீள அனுப்பவும்.'

குரலைத் தாழ்த்தி, கீழே ஒரு வரி எழுதினேன்: 'பெயர் இரண்டும் சரி. தவறைத் திருத்த ஏலாது.'