சளி பிடித்த முயலும் அக்கரை நாற்காலியும்

சளப். சளப். சளப்.

ஒரு காட்டில் முதலில் கேட்டது இந்தச் சத்தம்தான். சிங்கம் கர்ஜிக்கவில்லை, குயில் கூவவில்லை. ஒரு புதருக்கு அடியில் யாரோ தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் விலகிய பிறகுதான் ஆள் தெரிந்தது. தவமணி என்கிற பெண்முயல். கையில், ஆற்றில் மிதந்து வந்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. பக்கத்தில் இன்னொரு சிரட்டையோடு அவள் புருஷன் அருமைநாதன். வளைக்குள்ளே நீட்டிக்கொண்டிருந்த வேர் ஒன்றின் மேல் அவர்களுடைய குட்டிகள் நனையாமல் தொற்றிக்கொண்டிருந்தன.

வளைக்குள் தண்ணீர் வந்ததற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது. மழை என்றைக்கும் பெய்கிற மழைதான். சிங்கராசா காலாற நடப்பதற்கென்று காட்டுப்பன்றியார் ஒப்பந்தம் எடுத்து ஒரு மேட்டுப்பாதை போட்டிருந்தார். பாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து வழிகிற தண்ணீர் எங்கே போகும் என்று யாரோ கேட்டபோது, "கீழேதான் இத்தனை ஓட்டை இருக்கே" என்றார் பன்றியார். அந்த ஓட்டைகளில்தான் முயல்கள் குடியிருந்தன.

இதையெல்லாம் சொல்லி அழுவதற்கு ஆற்றுக்கு அக்கரையில், மேட்டின் மேல், குறைகேட்கும் அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஆந்தை. எல்லாவற்றையும் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், கேட்டதைச் சிங்கத்திடம் போய்ச் சொல்லவும் செய்தார். அவரைப் பொந்தே இல்லாத ஒரு மரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது. நேர்முகத் தேர்வுக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் போறேன்," என்றான் அருமைநாதன். "இந்தக் காட்டுல என்னைவிட நீளமான காது யாருக்கு இருக்கு?"

"கழுதைக்கு இருக்கு."

"அது மனுப் போடலை."

தவமணி சிரட்டையை நிறுத்தாமல் அவனைப் பார்த்தாள்.

"அந்த நாற்காலில உட்கார்ந்ததும் நான் கேக்கப்போற முதல் குறை நம்ம குறைதான், தவமணி. ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லிட்டுத்தான் மறுவேலை," என்று சொல்லிவிட்டு அடுத்தடுத்துத் தும்மினான். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றால் யாருக்குத்தான் சளி பிடிக்காது.

"சளியோட பறக்காதீங்க. ஏறும்போது ஒண்ணும் தெரியாதாம். இறங்கும்போது காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்குமாம். கொக்கு சொல்லுச்சு."

"சளி போகட்டும்னு இருந்தா நாற்காலி போயிடும்," என்றான் அவன். ஆற்றில் வெள்ளம். அக்கரைக்கு நடந்து போக வழியில்லை.

பறந்து போவதற்குக் கூழைக்கடா இருந்தது. அதன் அலகுக்குக் கீழே தொங்குகிற பைதான் பயணிகளுக்கான இருக்கை. உள்ளே நேற்றைய மீன் வாடை, அதற்கு முந்தின நாள் மீன் வாடை, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. அருமைநாதனுக்கு மூக்கு அடைத்திருந்தும் வாடை எப்படியோ உள்ளே வந்துவிட்டது. நல்லது எதுவும் அப்படி வருவதில்லை.

பணிப்பெண்ணான மைனா அலகின் விளிம்பில் நின்று அறிவித்தது.

"பயணிகள் கவனத்துக்கு. இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள். கொட்டாவி விடலாம். எதையாவது மெல்லலாம். அந்த நேரத்தில் தூங்க வேண்டாம். குமட்டினால் தூரத்தில் தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும். விமானி மட்டும் எக்காரணம் கொண்டும் எதையும் விழுங்கக் கூடாது."

"அதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க?" என்றான் அருமைநாதன்.

"அவர் காதுலயும் விழட்டும்னுதான்," என்றது மைனா.

பைக்குள்ளிருந்து பார்த்தால் தொடுவானம் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளாடு சீனியம்மாதான் தெரிந்தாள். அவள் எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, சளியோடவா ஏறினே?"

"வேலை விஷயம்க்கா."

"எனக்கும் அதே வேலை விஷயம்தான்," என்றாள் சீனியம்மா. "இந்தா, இஞ்சித் துண்டு. குமட்டலுக்கு நல்லது. மென்னு முழுங்கிக்கிட்டே இரு, காதும் அடைக்காது. எனக்கு இந்தத் தொந்தரவே வந்ததில்லை. வாய்தான் சும்மா இருந்ததே இல்லையே."

அருமைநாதன் இஞ்சியை வாயருகே கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்துக் கூழைக்கடா ஒரு காற்றுப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. வயிறு தொண்டைக்கு வந்தது. அவன் சட்டென்று வாயை இறுக மூடிக்கொண்டான்.

"மெல்லு தம்பி."

"வாயைத் திறந்தா வாந்தி வந்துடும்க்கா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "மூடினா காது அடைக்குது."

சீனியம்மா யோசித்தாள். "நேர்முகத் தேர்வுல எது வெளிய தெரியும்? வாந்தியா, காதா?"

"வாந்தி."

"அப்ப காதை விட்டுடு."

போட்டிக்கு வந்தவள் சொல்கிற யோசனையை நம்பக் கூடாது என்று எல்லாக் கதைகளும் சொல்கின்றன. அவன் நம்பினான். சீனியம்மாவும் நல்ல மனதோடுதான் சொன்னாள். கடைசியில் நஷ்டப்பட்டது அவள்தான்.

கூழைக்கடா இறங்கத் தொடங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக, மெதுவாக ஊதச் சொன்னது மைனா. வலி தாங்காமல் அருமைநாதன் பலங்கொண்ட மட்டும் ஊதினான். வலது காதில் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்து இடது காதும் சாத்திக்கொண்டது. தரையில் கால் வைத்தபோது உலகமே ஒரு பானைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தன் தும்மல்கூட யாரோ பக்கத்து ஊரில் தும்மியது போல இருந்தது அவனுக்கு.

தேர்வு நடத்தியவர் நரியார். துணைக்கு ஆமையார் ஒருவர், ஆமோதிப்பதற்கு.

முதலில் சீனியம்மா போனாள்.

"மேட்டுப்பாதைத் தண்ணி முயல் வளைக்குள்ள போகுதுன்னு ஒருத்தர் குறை சொல்றார். என்ன செய்வீங்க?" என்று கேட்டார் நரியார்.

"பாதை ஓரமா ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்வேன், ஐயா."

"ரொம்ப நல்லா கேக்குது உங்களுக்கு," என்றார் நரியார். "போய்ட்டு வாங்க."

அடுத்தது அருமைநாதன். அதே கேள்வி. நரியாரின் வாய் அசைவது அவனுக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அவன் தலையாட்டினான்.

"அந்தத் தண்ணி அப்படியே நின்னா பரவாயில்லையா?"

தலையாட்டினான்.

"திரும்பத் திரும்ப வந்து அழுதா?"

அதற்கும் தலையாட்டினான். சளியால் இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது. குமட்டல் அடங்காததால் ஒரு கையை வயிற்றில் வைத்து லேசாகக் குனிந்தபடியே நின்றான்.

நரியார் ஆமையாரின் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? பணிவு இருக்கு. கண்ணுல தண்ணி இருக்கு. எல்லாத்துக்கும் தலை ஆடுது. ஒண்ணும் உள்ள போகலை. இத்தனை வருஷமா இப்படி ஒருத்தரைத்தானே தேடிக்கிட்டிருந்தோம்?"

ஆமையார் ஆமோதித்தார்.

அருமைநாதனுக்கு நாற்காலி கிடைத்தது. மேட்டின் மேல் அதிகாரி மட்டும் தங்குவதற்கு ஒரு வளையும் கிடைத்தது. காய்ந்த மண், காய்ந்த புல். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் நனையாமல் தூங்கினான்.

சில நாள் கழித்து, ஒரு பெரிய கொட்டாவி விட்டபோது உள்ளே டப் என்று ஏதோ திறந்தது. முதலில் இலையில் விழும் தூறல் கேட்டது. பிறகு, ஆற்றைத் தாண்டி, வெகு தூரத்திலிருந்து, சளப், சளப் என்று கேட்டது. முயல் காது அல்லவா.

அவன் நரியாரிடம் ஓடினான். "ஐயா, என் காது திறந்துடுச்சு. அக்கரையில தண்ணி..."

"அடடா, திறந்துடுச்சா?" என்றார் நரியார், துக்கம் விசாரிக்கிற குரலில். "சீனியம்மாவுக்கும் நல்லாத்தான் கேட்டுது. நல்ல ஆட்டை வேண்டாம்னு அனுப்பினோம். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு." வெளியே பெய்யும் தூறலைக் காட்டினார். "அந்த வளை காய்ஞ்சு இருக்கில்ல, வசதியா?"

அருமைநாதன் மேட்டு வளையின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அக்கரையில என்னமோன்னு ஆரம்பிச்சீங்களே, என்னது?" என்று மெதுவாகக் கேட்டார் நரியார்.

அருமைநாதன் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தான். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, ஐயா. ஒண்ணும் கேக்கலை."

நரியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆற்றில் வெள்ளம் வடிந்தது. வளையில் வடியவில்லை. குறைகேட்பு நாளன்று தவமணி பக்கத்து வளைக்காரிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். வழியெல்லாம், "நம்ம ஆளுதான் உட்கார்ந்திருக்காரு, பயப்படாம சொல்லுங்க" என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அதிகாரிக்குக் காது மந்தம். கத்திச் சொல்லணும்," என்றார் வாசலில் இருந்த ஆமையார்.

தவமணி கத்திச் சொன்னாள். பாதை, தண்ணீர், வேர் மேல் தொங்கும் குட்டிகள், ஒன்று விடாமல் சொன்னாள். அருமைநாதன் தலையாட்டினான். கண்ணில் நீர் வந்தது. சளி போய் நாளாகியிருந்தது. கண்ணீர் மட்டும் பதவியோடு தங்கிவிட்டது.

"உங்கள் குறை கேட்கப்பட்டது," என்றார் ஆமையார். "அடுத்தது யாரு?"

தவமணி போகவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நின்றவளுக்குக்கூடக் கேட்காத குரலில், உதடு அசையாமல் சொன்னாள்.

"சின்னவன் நேத்து வேர்ல இருந்து வழுக்கித் தண்ணில விழுந்துட்டான்."

அருமைநாதனின் முகம் அசையவில்லை. தலைகூட ஆடவில்லை. இடது காது மட்டும் விறைத்து எழுந்து, அவள் பக்கமாகத் திரும்பி நின்றது. முயல் எதை வேண்டுமானாலும் அடக்கிக்கொள்ளும். காது அதன் கட்டுப்பாட்டில் இல்லை.

அவள் அந்தக் காதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கான்," என்றாள் அதே குரலில்.

காது தளர்ந்து கீழே விழுந்தது.

திரும்பி நடக்கையில் பக்கத்து வளைக்காரி கேட்டாள், "என்னக்கா சொன்னாரு உங்க வீட்டுக்காரரு?"

"சளி இன்னும் விடலை போல," என்றாள் தவமணி.

வளைக்கு வந்தாள். வேரின் மேல் இருந்த குட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு சிரட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

சளப். சளப். சளப்.

நீதி: இறங்கும்போது வாய் அசைந்துகொண்டே இருந்தால் காது அடைக்காது. ஆகவே மேலே போக நினைப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு வரவும்.