இறங்காத சிவப்பு முள்

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? தூக்கமெல்லாம் ஒழுங்காக வருகிறதா? வரவில்லை என்றால் இந்த ஓடைக்கரை மின்நிலையத்துக்குத்தான் உங்களை அனுப்ப வேண்டும்.

அங்கே இருப்பது ஒரே ஒரு ஜெனரேட்டர். ஓடைத் தண்ணீர் அதைச் சுற்றும். அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைன் ஊருக்குள் போகும். லைனுக்கு ஒரு மீட்டர். மூன்று முள்ளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மூன்று வாரமாக மற்ற இரண்டும் பன்னிரண்டில் நிற்க, சிவப்பு மட்டும் பதினெட்டில் நின்றது. ஜெனரேட்டரும் தொண்டை கட்டியவர் ராகம் இழுப்பதுபோல 'ம்ம்ம்' என்று உறுமியது.

சாயங்காலம் இன்ஜினியர் வருகிறார். முள் சமமாக இல்லாவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, ஆபரேட்டரை எங்கோ தூக்கியடித்துவிடுவார்.

"அத்தான், சாப்பிட வரலையா?" எதிரே ஆபரேட்டர் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து மச்சினி கேட்டாள். அக்கா வேலைக்குத் திரும்பியதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். வந்து மூன்று வாரம்.

"முள்ளு இறங்காம எனக்குச் சோறு இறங்காது."

ஆபரேட்டர் தச்சுப்பட்டறையைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், தையற்கடையை நீலத்துக்கும் மாற்றினார். மூன்று முள்ளும் பதினாலில் வந்து உட்கார்ந்தன. உறுமல் கரைந்து, தண்ணீரின் சலசலப்பு மட்டும் மிச்சமிருந்தது. கூரையில் ஓடையின் வெளிச்சம் நெளிந்தது.

குவார்ட்டர்ஸில் குழந்தை வீறிட்டது.

பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தால் சிவப்பு இருபத்திரண்டு.

சரி, மெஷினே கோளாறோ என்று தண்ணீரை அடைத்தார். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று வயரையும் ஆளுக்கு ஒரு இடம் தள்ளி மாட்டினார். கோளாறு மெஷினில் இருந்தால் வேறு முள் ஏற வேண்டும். ஓடவிட்டார். ஏறியது அதே சிவப்பு.

"மெஷின் மேல தப்பில்ல. லைன்ல எவனோ இழுக்கிறான்."

"எவனா இருக்கும் அத்தான்?"

"தெரியட்டும், கையை ஒடிக்கிறேன்."

"ஐயோ, பாவம்" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சலவைக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் வேறு லைனுக்கு மாற்றினார். முள் இறங்கியது. குழந்தை அழுதது. குழந்தை ஓய்ந்தது. சிவப்பு இருபத்தெட்டு. உறுமலில் மேஜைமேல் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் உள்ளே வந்தார். இரண்டு நாளாக ஊர் ஊராக நிலையம் பார்த்து அலைந்த மனுஷன். கண் செக்கச்செவேல் என்று இருந்தது. "உட்காருங்க சார்" என்றதும் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்த முள்ள... கொஞ்சம்... பார்ப்போம்..." என்றவர் தலை மெல்லத் தொங்கியது. வாய் திறந்துகொண்டது.

ஆபரேட்டர் தலையில் கைவைத்து நின்றார். வாசலில், தோளில் தூங்கும் குழந்தையோடு மச்சினி. இன்ஜினியரைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்துக் கிசுகிசுத்தாள்.

"இந்த உறுமல் இருந்தாத்தான் அத்தான் பாப்பா தூங்குது. நீங்க நிறுத்த நிறுத்த, நானும் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, கரண்ட் அடுப்புன்னு ஒவ்வொண்ணாப் போட்டு வரவழைச்சிட்டிருக்கேன். இப்ப இவரும் தூங்கிட்டாரு, இனிமேயாவது சரி பண்ணிக் கெடுத்துடாதீங்க."

உங்கள் வீட்டுக் குழந்தை எந்தச் சத்தத்துக்குத் தூங்கியது? ஒரு வரி எழுதிப் போடுங்களேன்.