மாமனார் இருக்காரா?

பம்பாய் மாட்டுங்காவில் சந்தேகம் சார் சந்தேகப்படாமல் விட்டுவைத்தது கடவுளை மட்டும்தான். அதுவும் பக்தியால் அல்ல. கடவுளின் முறை இன்னும் வரவில்லை.

அறுபதுகளில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர் அறையில் தனிக்கட்டையாக இருந்தார். ஊரின் ஆபீஸ் பேட்டையான ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே நடைபாதைக் கடையில், ஐரோப்பாவில் நவீன விஞ்ஞானத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களைப் பற்றி அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கினார். முந்நூறு, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மூணு பேர் சும்மா இருந்திருந்தால் நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம்.

அந்த மகான்களின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்டாட்டி மாதிரி "எங்க இத்தாலிக்காரர்", "பிரெஞ்சுக்காரர்", "அந்த இங்கிலீஷ்காரர்" என்பதோடு சரி. குருவின் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம். உலகத்தையே சந்தேகப்பட்டவருக்கு ஆசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

கனமானதும் லேசானதும் ஒன்றாகத்தான் விழும் என்றாராம் இத்தாலிக்காரர். நம் சார் மொட்டை மாடியிலிருந்து ஒரு தேங்காயையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துப் போட்டார். ஒன்றாகத்தான் விழுந்தன, கூர்க்காவின் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நாற்காலியில் கூர்க்கா இருந்தார்.

"சாப், பாகல் ஹோ கயா க்யா?" பைத்தியமா பிடித்துவிட்டது என்று அவர் இந்தியில் அலறினார்.

"பெஹலே க்யா கிரா? ஜல்தி போலோ!" என்றது மாடி. எது முதலில் விழுந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமாம்.

எல்லாவற்றையும் சந்தேகி என்றவர் பிரெஞ்சுக்காரர். அதனால் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றினால், "இது சாம்பார்னு எதை வெச்சுச் சொல்றேள்?" என்பார் சார். பரிமாறும் பாலக்காட்டு ஐயர் அசர மாட்டார். "பின்னாடி ரசம் வரதே, அதை வெச்சுத்தான்."

இதையெல்லாம் நானும் வேடிக்கைதான் பார்த்தேன், என் கல்யாணம் சிக்கலில் மாட்டும் வரை.

என் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்த செம்பூர்ப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. இது இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம். அவள் அப்பா யோக்கியர். ஜாதகத்தை உள்ளது உள்ளபடியே அனுப்பித் தொலைத்தார். மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாது என்பது எங்களவர்களின் நம்பிக்கை. மாமனாராக வேண்டியவர் என் அப்பா.

"பொண்ணு தங்கமான பொண்ணுடா. ஆனா நான் இன்னும் ரிடையரே ஆகலையே!" என்றார்.

செம்பூரில் வேறு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். சோறு இறங்காமல் திரிந்த என்னை மாடிப்படியில் மடக்கினார் சந்தேகம் சார்.

"மூலம்னா மாமனார் போயிடுவார்னு யார் போய்ப் பார்த்தா? இங்கிலீஷ்காரர் என்ன சொல்றார்? முதல்ல ஊர்ல என்ன நடக்கறதுன்னு பாரு. சாதகம், பாதகம் ரெண்டையும் எழுது. அப்புறம் வாயைத் திற."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீள நோட்டு ஒன்றோடு கிளம்பிவிட்டார். மாடி மாடியாக ஏறி எல்லா வீட்டிலும் இரண்டே கேள்வி. "உங்காத்து மாட்டுப்பொண் என்ன நட்சத்திரம்? மாமனார் இருக்காரா?"

பல வீடுகளில் கதவைத் திறந்ததே மாமனார்தான். "இருக்கேன். ஏன், போகணுமா?" என்று ஒருவர் குடையை ஓங்கிக்கொண்டு தெருமுனைவரை துரத்தினார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ நட்சத்திரத்தைச் சொல்லிவிட, சார் அதை ஓடிக்கொண்டே எழுதினார்.

நாலு ஞாயிறு கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமா, மூலத்தால மாமனார் போனார்ங்கறதுக்கு ஒரு கேஸ்கூட இல்லை."

அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இருக்கார்ங்கறதுக்கும் இல்லை. ஏன்னா மூலத்துல ஒரு மாட்டுப்பொண்ணே மாட்டுங்கால கிடையாது."

இந்த மனிதரை நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

"நட்சத்திரம் இருபத்தேழு. நூறு ஆத்துக்கு மேல ஏறி இறங்கிட்டேன். மூணு நாலு மூலமாவது தேறணுமோன்னோ? எங்கே போச்சு? ஒண்ணு, மாட்டுங்காவுக்கு வாக்கப்படறவா பொறக்கறச்சே மட்டும் சந்திரன் மூலத்தைத் தாண்டிக் குதிச்சிருக்கணும். இல்லேன்னா, பொண்ணைப் பெத்தவா ஜாதகத்தைத் திருத்தியிருக்கணும். எதுன்னு சந்தேகமா இருக்கு."

"கௌரவமான குடும்பத்துல யாராவது ஜாதகத்தைத் திருத்துவாளா?" என்று அப்பா சீறினார்.

"நான் மூலந்தான்" என்றாள் அம்மா.

கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எங்கப்பாதான் உத்திராடம்னு மாத்தி எழுதிட்டார். பக்கத்து நட்சத்திரம் ரெண்டும்கூட சரியில்லையாம். உங்கப்பா ஒரு தடவை இருமினாப் போறும், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிப்பேன். அந்தப் பொண்ணோட அப்பா மறைக்காம சொல்லியிருக்கார். அதுக்கா தண்டனை?"

அவள் பயந்த மாமனார், அதாவது என் தாத்தா, தொண்ணூறு வயதைத் தாண்டி, கடைசி நாள்வரை அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

அப்பா பேப்பரைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். பிறகு, "முகூர்த்தம் பாருங்கோ" என்றார். சார் நோட்டைப் பிரித்து எழுதினார்: மூலம், ஒன்று. மாமனார், தொண்ணூறு.

அதோடு விட்டாரா? ஒரு கேஸ் போதாதாம். கல்யாணம் ஆனபின் ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் நோட்டோடு வாசலில் நிற்பார். "மாமனார் இருக்காரா?"

"இருக்கேன்டா அசடே, காபி குடிச்சுட்டுப் போ!" என்று உள்ளேயிருந்து கத்துவார் அப்பா. காபியை என் மனைவி கொடுப்பாள். சார் தேதி போட்டு எழுதிக்கொள்வார். இப்படியே பல தீபாவளிகள் போயின.

ஒரு மழைக்காலத்தில் சந்தேகம் சார் காய்ச்சலில் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு அப்பா விடிந்ததும் புது வேஷ்டியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர் அறைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் என் மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்துவிட்டாள். அப்பா இரண்டையும் தொடவில்லை.

"நான் இருக்கேனான்னு கேக்க ஆளில்லையேடா" என்றார்.