ஏழு இருக்கை வாகன மதிப்பீட்டுக் குழு

மனித குலம் இதுவரை எடுத்த தீர்மானங்களில் மிகவும் அலசி ஆராய்ந்து எடுக்கப்பட்டது எது என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் ஏழு பேர் உட்காரும் எஸ்.யு.வி. வாங்க எடுத்த தீர்மானத்தைத்தான் சொல்வேன். இதைவிடக் குறைந்த யோசனையில் நாடுகள் போருக்குப் போயிருக்கின்றன. சில ஜெயித்தும் இருக்கின்றன.

எல்லாம் அப்பாவின் ஒரு பேச்சில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் பாதியில் நின்று சொன்னார்: “அக்காவப் பாத்து ரெண்டு வருஷமாச்சு. இப்ப கண்ணும் சரியாத் தெரியலயாம். ஒரு தரம் போயி, இங்க கூட்டிட்டு வந்து பத்து நாள் வெச்சுக்கலாமா?”

அத்தை இருப்பது ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில். யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நினைத்து, “நானே பஸ்ல போயிட்டு வந்துடறேன்” என்றும் அப்பா சேர்த்துக்கொண்டார். அங்கேதான் தவறு செய்தார்.

“எழுபத்திரண்டு வயசுல பஸ்ஸா?” என்றார் அண்ணன். “நாலு பேர் நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? போனா குடும்பமே போகணும். நம்ம கார்ல அஞ்சு பேர்தான் உக்கார முடியும். ஆக, முதல்ல வண்டி. அப்புறம் அத்தை.”

இவ்வாறாக, அத்தையின் கண்பார்வை இரண்டாம் இடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் தரச் சான்றிதழ்ப் பிரிவின் துணை மேலாளர். ஒரு பொருளைத் தொடாமல், பார்க்காமல், அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அதன் தரத்தைச் சொல்லிவிடும் ஆற்றல் உள்ளவர். படிவம் நிரம்பியிருந்தால் போதும். நானோ ஓர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுபவன். தூங்கியவர்களை ‘ஆழ்ந்து பரிசீலித்தார்கள்’ என்றும், அடித்துக்கொண்டவர்களை ‘கருத்துப் பரிமாறிக்கொண்டார்கள்’ என்றும் பதினாறு வருடமாக எழுதிவருகிறேன். இப்படிப்பட்ட இருவர் ஒரே வயிற்றில் பிறந்தது எங்கள் வீட்டின் பாக்கியம்.

அன்று மாலையே குழு அமைந்தது. அண்ணன் தலைவர். அண்ணிக்கு ‘உள் அலங்காரம்’. என் மனைவிக்கு ‘பொருள் வைப்பு வசதி’, அதாவது டம்ளர் வைக்கும் குழிகள். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகள் காணொளி வழியாகக் கலந்துகொள்ளும் உறுப்பினர். அவளுடைய துறை, வண்டியின் முன் நின்று படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்பது. நான் செயலாளர்.

“அப்பாவுக்கு?” என்று கேட்டேன்.

“அப்பா கௌரவ உறுப்பினர்” என்றார் அண்ணன். “எல்லாக் கூட்டத்துக்கும் வரலாம். ஓட்டு மட்டும் கிடையாது.”

அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குழுவில் வாழ்நாளெல்லாம் ஓட்டியவர் அவர் ஒருவர்தான். ஓட்டு இல்லாதவரும் அவர் ஒருவர்தான். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாகக் குழு கருதவில்லை.

நான்கு மாதங்கள் ஆராய்ந்தோம். தொண்ணூற்று மூன்று வீடியோக்கள் பார்த்தோம். அண்ணன் அறுபத்து நான்கு அம்சங்கள் கொண்ட மதிப்பெண் படிவம் ஒன்றைத் தயாரித்தார். உள்விளக்கின் நிறத்துக்கு நான்கு கட்டங்கள், கூரைக் கண்ணாடிக்கு ஆறு, கதவு சாத்தும்போது வரும் சத்தத்தின் ‘கம்பீரத்துக்கு’ மூன்று. இன்ஜின் ஐம்பத்தெட்டாவது கட்டத்தில், ‘இன்ஜின், மிதியடி மற்றும் இதர’ என்ற தலைப்பில் வந்தது.

இடையில் இரண்டு முறை அத்தை போன் செய்தார். “ஆய்வு நடக்குதுக்கா” என்று அப்பா சொன்னார். அத்தை பயந்துபோய், “யாருக்குடா? என்ன நோவு?” என்று கேட்டாராம்.

கடைசியில் படிவத்தோடு ஒரு விற்பனைக் கூடத்துக்குப் போனோம். பழைய வண்டிகள் விற்கும் இடம். அப்படிச் சொன்னதும் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளரின் முகம் வாடிவிட்டது.

“பழசுங்கற வார்த்தைய நாங்க இங்க பேசறதே இல்ல சார். ‘அனுபவமுள்ள வண்டி’.”

அந்த வெள்ளை நிற அனுபவசாலி கூடத்தின் நடுவே ஒரு கல்யாண மண்டபத்தின் அளவில் நின்றது. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. அண்ணி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, “வாசனைக்கு அஞ்சுக்கு அஞ்சு” என்றார்.

“இவ்வளவு வாசனை எதுக்குப் போட்டிருக்கான்?” என்றார் அப்பா.

“கௌரவ உறுப்பினர் கேள்வி கேக்கணும்னா எழுத்துல தரணும்ப்பா” என்றார் அண்ணன்.

வெள்ளோட்டத்துக்கு அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பக்கத்தில் விற்பனையாளர். நடுவரிசையில் அண்ணியும் என் மனைவியும். அவர்கள் மடியில் அண்ணன் மகள் போனில். நடு இருக்கையை மடக்கி, மூன்றாம் வரிசைக்கு அப்பாவை ஏற்றினார்கள். முழங்கால் மோவாயில் இடிக்க அவர் உட்கார்ந்தார். இருக்கை ‘டக்’கென்று நிமிர்ந்து பூட்டிக்கொண்டது. ஓடும் வண்டியில் எழுத்து கோணும் என்பதால் நான் கூடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இருபது நிமிடத்தில் திரும்பினார்கள். நால்வரும் முகம் மலர இறங்கினார்கள். அதாவது, இறங்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் இறங்கினார்கள். போன் கூட இறங்கிவிட்டது.

குளிரூட்டிய அறையில் ஆய்வுக் கூட்டம் தொடங்கியது. காபி வந்தது. பதினான்கு டம்ளர் குழிகள் இருப்பதை என் மனைவி அறிவித்தபோது சிறு கைதட்டல் எழுந்தது.

“ஆறு பேருக்கு எதுக்கு பதினாலு?” என்று கேட்டேன்.

“மறந்து வெச்ச டம்ளர எடுக்காமலே அடுத்த டம்ளர் வெக்கலாமில்ல?” என்றாள். குறித்துக்கொண்டேன்.

என் நாற்காலி கண்ணாடிச் சுவரைப் பார்த்து இருந்தது. அங்கிருந்து வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. அப்பா உள்ளிருந்து ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு விரலால், பிறகு முழுக் கையால். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கதவுச் சத்தத்தின் கம்பீரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தலைவர் பேசும்போது குறுக்கிடுவது மரபல்ல. ஆகவே, ‘பெரியவர் கையசைத்துத் தமது திருப்தியைத் தெரிவித்தார்’ என்று எழுதினேன்.

ஐம்பது நிமிடம் கழித்து, திருட்டு எச்சரிக்கை வசதியைக் காட்ட விற்பனையாளர் வெளியே கூட்டிப்போனார். சாவியை அழுத்தி வண்டியைப் பூட்டினார். உடனே வண்டி ஊரைக் கூட்டும்படி அலறியது.

“பாத்தீங்களா! உள்ள ஒரு ஆள் அசைஞ்சாக்கூட கண்டுபிடிச்சிடும்” என்றார் பெருமையாக.

“பிரமாதம்! அஞ்சுக்கு அஞ்சு!” என்றார் அண்ணன்.

பிறகுதான் உள்ளே யார் அசைந்தது என்ற கேள்வி எழுந்தது.

நடு இருக்கையின் நெம்புகோலை மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். நகரவில்லை. காலை ஆட்டினால் தானே திறக்கும் என்று சொல்லப்பட்ட பின்கதவை விற்பனையாளர் ஐந்து முறை உதைத்த பிறகு, அது மெல்ல மேலே எழுந்தது. பெட்டி இறக்குவதுபோல அப்பாவை அதன் வழியாக இறக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ஐயாவுக்கு இறங்கவே மனசில்ல! அவ்வளவு சொகுசு!” என்றார் விற்பனையாளர்.

அண்ணன் படிவத்தைப் புரட்டி, ‘மூன்றாம் வரிசை: நீண்ட நேர அமர்வுக்கு ஏற்றது’ என்ற கட்டத்தில் ஐந்து போட்டார். நேரடி ஆதாரம் உள்ள ஒரே கட்டம் அதுதான்.

அப்பா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “இந்த வண்டி வேண்டாம்டா. தண்ணியில முங்கின வண்டி.”

பின் இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். வெளியே தெரிந்த பாதி சாம்பல் நிறம். உள்ளே சுருண்டிருந்த பாதியில் சேற்றுக் கறை, கோடு போட்டதுபோல. “இதுவரைக்கும் தண்ணி நின்னிருக்கு. சீட்டு ஏன் மடங்கலன்னு நினைக்கறே? அடியில தண்டவாளம் பூரா துரு. மிதியடிக்குக் கீழ பாரு.” கைக்குட்டையை விரித்தார். ஒரு கைப்பிடி காய்ந்த வண்டல்.

நான் தொட்டுப் பார்த்தேன். விரலில் பழுப்பாக ஒட்டியது.

விற்பனையாளர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “ஐயா, இந்த வண்டி இயற்கையோட ரொம்ப நெருக்கமா வாழ்ந்திருக்குங்க.”

அண்ணன் படிவத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேடினார். அவர் நேர்மையானவர், தேடாமல் சொல்லவில்லை. “மண்ணுன்னு ஒரு கட்டமே இல்லையேப்பா. இப்பப் போயி சேத்தா நாலு மாச ஆய்வும் செல்லாமப் போயிடும்.”

“ஆய்வு செல்லாமப் போனாப் பரவால்லடா. வண்டி செல்லாமப் போயிடுமே.”

“மாமா, உங்க காலத்து வண்டி வேற” என்று என் மனைவி இதமாகச் சொன்னாள். “இதுல எல்லாமே கம்ப்யூட்டர். தண்ணி பட்டா அதுவே சொல்லிடும்.”

அப்பா என்னைப் பார்த்தார். என் விரலையும் பார்த்தார். நான் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ‘பெரியவர் வாகனத்தின் உட்புறத்தைக் கூர்ந்து பாராட்டினார்’ என்று எழுதினேன். ஓட்டெடுப்பு நடந்தது. நான்கு கைகள் உயர்ந்தன; போனில் ஒரு கட்டை விரல் உயர்ந்தது. ஏகமனது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அத்தையை அழைத்துவரப் புறப்பட்டோம். அப்பா துவைத்த சட்டை போட்டு, கையில் குடையும் துணிப்பையுமாக, சொல்வதற்கு முன்பே பின்கதவு வழியாகத் தவழ்ந்து மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம் வண்டி அருமையாக ஓடியது. பதினான்கு குழிகளில் ஒன்பது நிரம்பியிருந்தன.

பிறகு மழை பிடித்தது.

முதலில் துடைப்பான் நின்றது. அப்புறம் ஹாரன் தானே அடித்தது. உள்விளக்கு ஊதாவிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து சிவப்புக்கும் மாறியது. அண்ணன் ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் மூச்சை விட்டுவிட்டது. நான்கு கதவுகளும் ‘டப்’பென்று பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் நல்ல கம்பீரம் இருந்தது. ஜன்னல் இறங்கவில்லை. அதே சமயம் கூரைக் கண்ணாடி, யாரும் கேட்காமலேயே, முழுதாகத் திறந்தது.

மழை நேராக அண்ணியின் மேல் கொட்டியது. “மூடுங்க! மூடித் தொலைங்க!” என்று அலறினார்.

“எந்த பட்டன்னு கையேட்ல பாக்கறேன்! கையேடு எங்கே?”

“நனையக் கூடாதுன்னு வீட்டுல வெச்சிருக்கேன் அத்தான்” என்றாள் என் மனைவி.

அப்போது ஹாரனுக்கு நடுவே பின்னால் ஒரு முனகல் கேட்டது. பின்கதவு தானாக மேலே எழுந்தது. ஒரு உதைகூட வாங்காமல் அது வாழ்நாளில் செய்த ஒரே காரியம். அப்பா ஒருமுறை எங்கள் நால்வரையும் பார்த்தார். குடையை விரித்தார். பெட்டிகளைத் தாண்டி இறங்கினார்.

“அப்பா! எங்க போறீங்க?” என்று கத்தினேன்.

“அக்கா வீட்டுக்கு.”

நூறடி தள்ளி ஒரு நிறுத்தம். அங்கே நின்று கை காட்டினார். ஒரு பேருந்து வந்து நின்றது. பெயர் தெரியாத அந்த ஓட்டுநர், வயதானவர் குடையை மடக்கி ஏறி உட்காரும்வரை வண்டியை நகர்த்தவில்லை. பிறகு எங்களைக் கடந்து போனார்கள். ஜன்னலோரத்தில் அப்பாவின் முகம் தெரிந்தது. இந்த முறை அவர் கையசைக்கவில்லை.

எங்களை இழுத்துப்போக மதியம் வண்டி வந்தது. மெக்கானிக் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “வாங்கறப்போ வண்டி தெரிஞ்சவங்க யாரையும் கூட்டிட்டுப் போகலையா சார்?” என்று கேட்டார்.

நான்காம் நாள் அப்பா அத்தையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பேருந்தில்தான். நான்கு மாதமும் ஒரு குழுவும் செய்யாததை மூன்று டிக்கெட்டில் முடித்திருந்தார். அத்தை முகத்துக்கு அருகே முகம் வைத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “எல்லாரும் இளைச்சிருக்கீங்களே” என்றார்.

மறுநாள் காலை விசாரணைக் குழு கூடியது. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு யாராவது பொறுப்பாக வேண்டுமல்லவா? மதிப்பெண் படிவம் பரிசோதிக்கப்பட்டது; கூட்டலில் பிழை இல்லை. விற்பனையாளர் மீது தவறு காண வழியில்லை. அவர் அனுபவமுள்ள வண்டி என்று முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“வண்டியில கோளாறு இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். தெரிஞ்சும் நீங்க அழுத்தமா எடுத்துச் சொல்லலை. கூட வந்தவங்களப் பாதி வழியில விட்டுட்டும் போயிட்டீங்க. ரெண்டும் பெரிய தப்புப்பா.”

“எதுக்குடா என் தம்பிய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறீங்க?” என்றார் அத்தை, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து. அண்ணன் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

“குழு ஒரு முடிவுக்கு வந்திருக்கு” என்றார் அண்ணன். “இனிமே இந்த வீட்ல எந்த வண்டி விஷயத்துலயும் நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

அப்பாவுக்கு உண்மையிலேயே சந்தேகம்.

“சரிப்பா. அப்ப இதுவரைக்கும் இருந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களுக்குத்தானே வீட்டில் என்னைப் போல ஒருவன் வேண்டியிருக்கிறது. ‘பெரியவர் தமது குற்றத்தை உணர்ந்து தீர்ப்பை ஏற்றார்; ஆட்சேபம் ஏதுமில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது.